மூட்டையை யார் பிரிப்பது? மொத்தக் கொள்வனவுக் கடைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய் என்ற ஐந்தும் இல்லாத குசினி எங்கட நாட்டில் இல்லை. இவற்றை மூட்டையாக வாங்கினால் ஒரு விலை. கிலோவாக வாங்கினால் இன்னொரு விலை. நூறு கிராம் பொதியாக வாங்கினால் அதைவிடக் கூடிய விலை. இது கடைக்குப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மாத முடிவில் மொத்தமாகச் சம்பளம் எடுக்கிறவருக்கு மூட்டை விலை கைக்கெட்டும். அன்றாடக் கூலியில் அடுப்பு மூட்டுகிறவர் அதே பருப்புக்குக் கூடிய காசு கொடுக்கிறார். வருமானம் குறையக் குறைய விலை கூடுகிற இந்த அநியாயம் கடை தோன்றிய நாளிலிருந்தே இருந்து வருகிறது எனலாம்.

மொத்த விலையைச் சாதாரண வீட்டாருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் கடந்த 180 ஆண்டுகளில் பல உருவங்களை எடுத்திருக்கிறது. அவற்றுள் மூன்றை இங்கு நோக்கலாம். முதலாவது, இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர் திறந்த கூட்டுறவுக் கடை. இரண்டாவது, அமெரிக்காவில் தோன்றிய அங்கத்துவக் களஞ்சியக் கடை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன எங்கட ஆட்கள் வாய் ஓயாமல் பேசும் கொஸ்ட்கோ இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, எங்கட ஊர்ச் சங்கக்கடை. மூன்றிலும் அங்கத்துவம் அல்லது அட்டை உண்டு. மூன்றும் மொத்தமாகக் கொள்வனவு செய்தவை. ஆனால் மூட்டையைப் பிரிக்கும் வேலை யாருடையது என்ற கேள்விக்கு மூன்றும் ஒரே பதிலைத் தரவில்லை. அந்த வேறுபாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

ரொச்டேல், 1844

மன்செஸ்ரர் நகருக்கு அருகிலுள்ள ரொச்டேல், துணி ஆலைகளால் வளர்ந்த ஊர். 1840களில் அங்குள்ள நெசவாளரின் கூலி குறைந்தது, வேலைநிறுத்தங்கள் தோற்றன. வாங்கும் சாமானிலும் அவர்களுக்கு நட்டமே கிடைத்தது. அக்காலத்து ஆங்கிலக் கடைகளில் மாவில் படிகாரமும் சுண்ணக்கட்டித் தூளும் கலப்பது வழக்கமாக இருந்தது. நிறையிலும் களவு நடந்தது. கடனுக்கு வாங்குகிறவர் கடையை மாற்றவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது.

இந்த நிலையில் 28 பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு பவுண் வீதம் 28 பவுண் முதல் சேர்க்கத் தீர்மானித்தார்கள். ஒரு பவுணை ஒரேயடியாகக் கொடுக்க அவர்களிடம் வசதியில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று பென்ஸ் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். 1844 டிசம்பர் 21ஆம் திகதி டோட் லேன் என்ற தெருவில் கடையைத் திறந்தார்கள். அன்று அங்கு இருந்த சரக்கின் கணக்கு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது: 28 இறாத்தல் பட்டர், 56 இறாத்தல் சீனி, 6 அந்தர் மா, ஒரு சாக்கு ஓட்ஸ் மா, கொஞ்சம் மெழுகுதிரி. ஐந்தே சாமான்கள்.

இந்தப் பட்டியலை ஆறுதலாக வாசிக்க வேண்டும். ஆசைக்கு வாங்கும் பண்டம் எதுவும் இதில் கிடையாது. எந்த நெசவாளர் வீட்டிலும் அடுத்த வாரம் கட்டாயம் தேவைப்படும் சாமான் மட்டுமே உண்டு. விற்குமா விற்காதா என்ற சந்தேகம் இல்லாதபடியால், சிறிய முதலை வைத்தே துணிந்து மொத்தமாக வாங்க முடிந்தது. அன்றாட அத்தியாவசியப் பொருளுக்கும் மொத்தக் கொள்வனவுக்கும் உள்ள உறவு இதுதான்.

ஆனால் 6 அந்தர் மாவை எந்த நெசவாளரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சங்கம் மொத்தமாக வாங்கியது. சங்கமே தராசில் போட்டு நிறுத்துக் கொடுத்தது. அங்கத்தவர் தம் கையிலுள்ள காசுக்கு ஏற்ப ஓரிரு இறாத்தலாக வாங்கினர். கடன் இல்லை, சந்தை விலை, சரியான நிறை, கலப்படமற்ற சரக்கு. கணக்கு முடிக்கும்போது மிஞ்சிய இலாபம், யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த விகிதத்தில் திரும்பக் கொடுக்கப்பட்டது. நிருவாகத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. இப்படியாக, ஏழையின் சிறிய கொள்வனவுக்கும் மொத்த விலையின் பயன் வந்து சேர்ந்தது. உலகம் முழுவதும் பரவிய நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்துக்கு இதுவே மாதிரியாயிற்று.

சான் டியேகோ, 1976

அமெரிக்காவின் கதை வேறு சூழலில் தொடங்குகிறது. சொல் பிரைஸ் என்பவர் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் சட்டத்தரணியாக இருந்தவர். 1954இல் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு களஞ்சியத்தில் பெட்மார்ட் என்ற கடையைத் தொடங்கினார். அரச ஊழியருக்கான கடை அது; 2 டொலர் கட்டி அங்கத்தவராக வேண்டும். கடை பெருத்தது, பிறகு ஒரு ஜேர்மன் வணிகர் பெரும்பங்கை வாங்கினார், 1975இல் சொல் பிரைஸ் தாம் உண்டாக்கிய கடையிலிருந்து தாமே வெளியேற்றப்பட்டார்.

அடுத்த வருடமே, 1976 ஜூலை 12இல், மகன் றொபர்ட் பிரைசுடன் சேர்ந்து பிரைஸ் கிளப்பைத் திறந்தார். இடம், முன்னர் ஹவார்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரருக்குச் சொந்தமாயிருந்த பழைய விமானக் கொட்டகை. சீமெந்துத் தரை, இரும்புத் தட்டுகள், லொறியில் வந்த பலகைத் தட்டோடு அப்படியே வைக்கப்பட்ட சரக்கு. ஆரம்பத்தில் இது வீட்டாருக்கான கடையல்ல. சின்னச் சாப்பாட்டுக்கடைக்காரர், சில்லறை வியாபாரிகள் போன்றோர் வருடத்துக்கு 25 டொலர் சந்தா கட்டி மொத்த விலையில் வாங்கிப்போகும் இடம். முதல் வருடம் நட்டத்தில் ஓடியது. பிறகு அரச ஊழியர், கடனுதவிச் சங்க அங்கத்தவர் போன்றோருக்கும் கதவைத் திறந்தார்கள். அதோடு வியாபாரம் பிடித்துக்கொண்டது.

இங்கு ஒரு திருப்பத்தைக் கவனிக்க வேண்டும். சில்லறை வியாபாரி மூட்டையை வாங்குவது, பிரித்து விற்பதற்காக. அவருக்கென்று அமைத்த அளவிலேயே, அவருக்குரிய விலையிலேயே, இப்போது வீட்டாரும் வாங்கத் தொடங்கினர். மூட்டை பிரிபடவில்லை, பிரிக்கும் வேலை வீட்டுக்காரரின் தலையில் வந்தது.

1983இல் இரண்டு போட்டிக் கடைகள் வந்தன. ஏப்ரலில் சாம் வோல்ற்றன் ஒக்லஹோமா மாநிலத்தில் சாம்ஸ் கிளப்பைத் திறந்தார். சொல் பிரைசிடமிருந்து நிறைய யோசனைகளைத் தாம் எடுத்துக்கொண்டதாக அவர் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். செப்டெம்பரில் ஜிம் சினெகல், ஜெப்ரி புறொட்மன் இருவரும் சியாற்றிலில் கொஸ்ட்கோவைத் திறந்தார்கள். சினெகல் 1954இல் பெட்மார்ட்டில் மெத்தை இறக்கும் பொடியனாக வேலைக்குச் சேர்ந்தவர். சொல் பிரைசின் சீடர். 1993இல் பிரைஸ் கிளப்பும் கொஸ்ட்கோவும் ஒன்றாயின.

அங்கே என்ன வாங்குகிறார்கள்?

சாதாரண அமெரிக்கப் பேரங்காடியில் முப்பதாயிரம் வகைச் சாமான் இருக்கும். கொஸ்ட்கோவில் ஏறக்குறைய நாலாயிரம்தான். ஒரு சாமானில் பத்து அளவு, பத்துப் பெயர் என்று வைப்பதில்லை. ஒன்றிரண்டு மட்டுமே. விருப்பமில்லாதவர் வாங்காமல் போனால் போகட்டும். அந்த விற்பனையை இழப்பதே கெட்டித்தனம் என்பது சொல் பிரைசின் கொள்கை. வகை குறைந்தால் ஒவ்வொரு வகையிலும் வாங்கும் தொகை கூடும். தொகை கூடினால் உற்பத்தியாளரிடம் விலை பேசும் பலம் கூடும். இறக்கி அடுக்கும் ஆட்கூலி குறையும்.

அங்கத்தவர் விரும்பி வாங்கும் சாமானைப் பார்த்தால் மீண்டும் அதே பழைய பட்டியல்தான்: அரிசி, மா, சீனி, சமையல் எண்ணெய், பட்டர், முட்டை, பால், கோழி, கழிப்பறைக் காகிதம், சவர்க்காரம். முட்டை ஐந்து டசின் ஒரே அட்டையில் வரும். அரிசி 25 இறாத்தல், 50 இறாத்தல் சாக்கில் வரும். தெற்காசியக் குடும்பங்கள் பாஸ்மதிச் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு போகும் காட்சி அங்கு சாதாரணம். 1995இலிருந்து கொஸ்ட்கோ தன் சொந்தப் பெயராகிய கேர்க்லண்ட் சிக்னேச்சரில் இவற்றுள் பலவற்றை விற்கிறது. சுட்ட முழுக் கோழியை 4.99 டொலருக்குப் பல்லாண்டுகளாக ஒரே விலையில் கொடுப்பது அங்கத்தவரை உள்ளே இழுப்பதற்கு.

இலாபம் எங்கிருந்து வருகிறது? சாமானுக்கு மேல் வைக்கும் இலாப விகிதம் பொதுவாக 14, 15 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கொஸ்ட்கோவின் கட்டுப்பாடு. சாமானில் கிடைப்பதில் பெரும்பகுதி நடத்தும் செலவுக்கே போய்விடும். 2023ஆம் நிதியாண்டில் அதன் நிகர இலாபம் ஏறக்குறைய 629 கோடி டொலர். அதே வருடம் அங்கத்துவச் சந்தாவாக மட்டும் வந்தது 458 கோடி டொலர். அதாவது கடை விற்கும் முக்கியமான பண்டம் அரிசியோ கோழியோ அல்ல. உள்ளே வரும் உரிமைதான். இந்த ஒழுங்கில் ஒரு நேர்மையும் உண்டு. சந்தா கட்டியவர் அடுத்த வருடமும் புதுப்பிக்க வேண்டுமென்றால் விலையைக் குறைத்தே வைக்க வேண்டும்.

ஆனால் ரொச்டேல் கடையில் சந்தா கட்டியவர் உரிமையாளர். இங்கே அவர் வாடிக்கையாளர் மட்டுமே. ரொச்டேலில் இலாபம் வாங்கியவரிடம் திரும்பியது. இங்கே பங்குதாரரிடம் போகிறது. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. 50 இறாத்தல் அரிசியின் மலிவு விலையை அனுபவிக்க, சந்தாக் காசு வேண்டும், அதைக் கொண்டுபோகக் கார் வேண்டும், வைக்க இடம் வேண்டும், இறைச்சி என்றால் உறைபெட்டி வேண்டும், ஒரே தடவையில் கொடுக்க ரொக்கமும் வேண்டும். இவை எல்லாம் போருக்குப் பின் வளர்ந்த அமெரிக்கப் புறநகர் நடுத்தர வீட்டில் இருந்தன. மாடிக் குடியிருப்பில் பஸ்சுக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளியிடம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கழிப்பறைக் காகிதக் கொள்வனவை எடுத்து இதை ஆராய்ந்தார்கள். அது பழுதாகாத சாமான். எல்லா வீட்டுக்கும் தேவை. மலிவாக இருக்கும்போது கூட வாங்கி வைப்பதே புத்தி. ஆனாலும் வருமானம் குறைந்த குடும்பங்கள் பெரிய பொதியையும் மலிவு விலை நாளையும் தவறவிட்டு, கூடிய விலை கொடுத்தே வாங்கின. அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் அல்ல, கையில் காசு இல்லாமல்.

ஆகவே, களஞ்சியக் கடை மொத்தக் கொள்வனவை எடுத்துக்கொண்டது. கூட்டாகச் சேர்வதை விட்டுவிட்டது.

இலங்கை: கூப்பனும் சங்கக்கடையும்

ரொச்டேலின் கருத்து எங்கட நாட்டுக்கு வேறு வழியாக வந்தது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. ஆனால் கூட்டுறவுக் கடை ஊர் ஊராகப் பரவியது இரண்டாம் உலகப் போரில்தான். அக்காலத்தில் நாங்கள் தின்ற அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள். அரிசிக் கப்பல் நின்றது. அரசாங்கம் பங்கீட்டைக் கொண்டுவந்தது. பங்கீட்டுச் சாமானை விநியோகிக்கச் சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான கூட்டுறவுக் கடைகள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு மொத்தமாகச் சரக்கு வழங்க 1943இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தொடங்கப்பட்டது. 1949இன் 47ஆம் இலக்கச் சட்டம் அதைக் கூட்டுத்தாபனமாக்கியது. இன்றைய சதொச என்ற பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கீட்டுப் புத்தகம். வாரத்துக்கு இத்தனை கொத்து அரிசி. ஒரு கொத்து என்பது இரண்டு இறாத்தல். பதிந்த சங்கக்கடையிலோ அனுமதி பெற்ற வியாபாரியிடமோ போய் எடுக்க வேண்டும். அரசாங்கம் கப்பல் கணக்கில் வாங்கியது. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் அதற்குப் பேர்போன உதாரணம். கப்பலில் வந்தது கடைசியில் கொத்தால் அளந்து உம்மாமாரின் பெட்டியில் விழுந்தது. பிரிக்கும் வேலையை அரசும் சங்கமும் சேர்ந்து செய்தன. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே கொத்து, ஒரே விலை.

அந்தக் கொத்தின் விலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1953 காட்டியது. ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிய நிலையும் வந்தது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1966இல் அவரே மீண்டும் பிரதமராக இருந்தபோது இரண்டு கொத்து ஒன்றானது. அந்த ஒன்று இலவசமாக்கப்பட்டது. 1970 தேர்தலில் இரண்டாவது கொத்து பெரும் வாக்குறுதியானது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. 1979 செப்டெம்பரில் அரிசிக் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது.

சங்கக்கடையைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது வரலாறாகாது. நீண்ட வரிசை, கல் கலந்த அரிசி, நிறையில் குறைவு, ஆளைப் பார்த்து உள்ளே இருந்து எடுத்துக் கொடுப்பது ஆகியவற்றை மூத்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ரொச்டேலில் அங்கத்தவர் தாமே கூடிக் கணக்குக் கேட்டார்கள். இங்கே சங்கங்கள் மேலிருந்து உண்டாக்கப்பட்டன, மேலிருந்தே 1957இல் பலநோக்குச் சங்கங்களாக மாற்றப்பட்டன, 1971இல் பெரிதாக ஒன்றிணைக்கப்பட்டன. அரசியல்வாதியின் ஆள் தலைவராக வந்த இடங்களில் அங்கத்தவர் கடையின் சொந்தக்காரர் என்ற உணர்வை இழந்தனர். அரசு கையை எடுத்ததும் பல சங்கக்கடைகள் வெறும் கட்டடமாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

சில்லறைக்கடை முதலாளி

இவ்வளவு நாளும் சங்கமும் அரசும் செய்யாத இடத்தில் மூட்டையைப் பிரித்தவர் யார்? தெருமுனைச் சில்லறைக்கடை முதலாளி. அவர்களுள் கணிசமானோர் எங்கட சமூகத்தவர் என்பதால் இந்தப் பகுதியை நாம் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். புறக்கோட்டையிலிருந்து லொறியில் வந்த பருப்பு மூட்டையைக் கால் கிலோவாகப் பிரித்து, கடன் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறவர் அவர். பிரிப்பதற்கான கூலி, கடன் திரும்பாத நட்டம், காத்திருக்கும் காலம் எல்லாம் அந்தக் கால் கிலோவின் விலைக்குள் இருக்கின்றன. அதைக் கொள்ளை என்று சொல்வது முழு உண்மையல்ல. சேவை மட்டும்தான் என்று சொல்வதும் முழு உண்மையல்ல.

தட்டுப்பாடு வரும்போது மக்களின் கோபம் அந்த முதலாளியின் மேலேயே முதலில் விழும். 1915 கலவரத்தில் தாக்கப்பட்ட கரையோரச் சோனகர் கடைகளின் கதையில், போர்க்கால விலையேற்றம் பற்றிய மனக்கசப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மூட்டையைப் பிரிப்பதற்கு ஊரில் வேறு ஒழுங்கு இருந்தால், அந்தச் சுமையும் அந்தப் பழியும் ஒரு தனியாளின் தலையில் மட்டும் ஏறாது.

இன்றைக்கு

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. முந்திய வருடத்துச் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டித்தது என்பதே இதன் பொருள். அந்த நாட்களில் பால்மாவைத் தேக்கரண்டிக் கணக்கில் பார்த்தோம். முழுப் பொதி வாங்கியவர்கள் சிறிய பொதிக்கு இறங்கினார்கள்; சிறிய பொதி வாங்கியவர்கள் அதையும் விட்டார்கள். அதாவது, நெருக்கடி மக்களை மலிவான அளவிலிருந்து விலை கூடிய அளவை நோக்கித் தள்ளியது.

இப்போது எங்கட நகரங்களிலும் பெரிய பொதிக்கு விலைக்கழிவு, அட்டைக்குப் புள்ளி என்று பேரங்காடிகள் அழைக்கின்றன. வசதியுள்ளவர் போய் வாங்குவதில் பிழையில்லை. ஆனால் அது கூலிக்காரரின் கேள்விக்குப் பதிலல்ல. பத்து வீட்டார் சேர்ந்து 25 கிலோ மூட்டை ஒன்றை வாங்கினால் வீட்டுக்கு இரண்டரைக் கிலோ. மூட்டை விலையும் கிடைக்கும், வைக்கப் பெரிய இடமும் தேவைப்படாது. சீட்டுப் பிடித்துப் பழகிய எங்கட பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காசு சேர்ப்பதும் முறை வைப்பதும் நம்பிக்கையைக் காப்பதும் அவர்களுக்குக் கைவந்தவை. ரொச்டேல் நெசவாளரும் வாரத்துக்கு இரண்டு மூன்று பென்ஸ் சேர்த்தே தொடங்கினார்கள். தராசும், எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்குக் கொப்பியும் கூடுதலாகத் தேவை.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சங்கக்கடைகளின் வரலாறு பெரும்பாலும் கொழும்பிலுள்ள சட்டங்களையும் அறிக்கைகளையும் கொண்டே எழுதப்படுகிறது. ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், பங்குப் பதிவேடுகள், அங்கத்தவர் பட்டியல்கள், வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் கூப்பன் புத்தகங்கள், பழைய முதலாளிமாரின் கடன் கொப்பிகள் இவையெல்லாம் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்தச் சங்கத்தில் அங்கத்தவர் உண்மையாகக் கூடிக் கணக்குக் கேட்டார்கள், எந்த ஊரில் கடை மூடியும் சங்கம் நின்றது என்பதை அவற்றிலிருந்துதான் அறிய முடியும். கொத்தால் அளந்த கையுள்ள மனேஜர்மாரும் வரிசையில் நின்ற உம்மாமாரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதை இந்த வருடமே தொடங்க வேண்டும்.